வால் உள்ள எழுத்து

கிளைபேடாவில் டிசம்பர் மாதம்
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
மில்டாவின் பையில் தைத்த ஒளிப்பட்டை
கார் வெளிச்சம் படும்போதெல்லாம் மின்னி அணையும்.
அதைப் பார்த்துத்தான்
என் பிள்ளை வருகிறாள் என்று தெரிந்துகொள்வேன்.

ஆறு வயது.
பைக்குள் இன்றைக்கும் ஒரு தாள்.
எங்கள் மொழியில் சில எழுத்துகளுக்குக்
காலடியில் ஒரு சின்ன வால் உண்டு.
நாலு வரி எழுதி வரவேண்டும்,
வரிக்குப் பன்னிரண்டு.

நான் மீன் ஆலையில் நின்றுவிட்டு வந்தவள்.
எட்டு மணிக்குமேல் பத்து நிமிடம் நின்றாலும்
ஒன்றரை மடங்கு கூலி,
சங்கம் சண்டை போட்டு வாங்கியது.
இவளுக்கு எந்தச் சங்கம்?

முதல் வரியை நாக்கைத் துருத்திக்கொண்டு
ஒழுங்காகத்தான் எழுதினாள்.
இரண்டாம் வரி முடிந்ததும்,
"இது வால் இல்லைம்மா, தூண்டில் முள்."
முள்ளுக்கு ஒரு மீன் மாட்டினாள்.
ஒன்றுக்கு மீசை. ஒன்றுக்கு மூக்குக்கண்ணாடி.
ஏழாவது மீன் தப்பித்து
ஓரக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டது.

நான் ரப்பரை எடுத்தேன்.
இதைத்தான் சொல்ல வந்தேன்.
பகலெல்லாம் ஹெர்ரிங் வயிற்றைக் கிழித்த கையால்
ராத்திரி பன்னிரண்டு மீன்களை அழித்தேன்.
எழுத்தும் கூடவே போனது, தாளும் கிழிந்தது.
அவள் அழவில்லை.
மேசையில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள்,
பென்சிலைப் பிடித்தது பிடித்தபடி.
சூப்பில் ஆடை படிந்திருந்தது.

கிழிசலுக்கு டேப் ஒட்டி
மிச்சம் மூன்று வரியையும்
இடது கையால் நான் எழுதினேன்,
திருடியைப் போலக் கதவைப் பார்த்துப் பார்த்து.

மறுநாள் ஒரு பச்சை நட்சத்திரம்.
கீழே விலியா டீச்சரின் கையெழுத்து:
நல்ல முன்னேற்றம்.
கைதான் கொஞ்சம் நடுங்குகிறது.

மில்டா நட்சத்திரத்தை நகத்தால் நெம்பி எடுத்து
என் ரப்பர் ஏப்ரனில் ஒட்டினாள்.
"உன்னோடது."

விலியா டீச்சருக்கு,
வாலை விட்டுவிட்டால் சொல்லின் பொருள் மாறும்,
எனக்கும் தெரியும்.
ஆனாலும் இன்றைய தாளை
வெறுமையாகவே திருப்பி அனுப்புகிறேன்.
நேற்று சாயங்காலம் துறைமுகம் போனோம்.
பால்டிக் காற்றில் காது விறைத்தது.
விளக்கேற்றிய படகுகளை எண்ணினாள்.
பதினாலு வரைக்கும் சரியாக வந்தது.
அதற்கப்புறம் பத்தொன்பது என்றாள்.

நான் திருத்தவில்லை.