ஏழாவது கருவி

கிளதானி. ஒன்பது மாடிக் கட்டடம். ஐந்தாம் தளம்.
இராத்திரி டாக்ஸிகளுக்கு வழி சொல்வது என் பிழைப்பு.
போன வாரம் விமான நிலையச் சவாரி ஒன்று
என் திரையில் ஆற்று நடுவே நின்றுவிட்டது.
"லமாரா, நான் என்ன மீனா?" என்று கத்தினான் டிரைவர்.

அவன்மேல் தப்பில்லை.
இணையம் இழுத்துக்கொண்டு கிடந்தது.
கம்பெனிக்காரன், அணைத்துப் போடுங்கள் என்றான்.
அணைத்தேன். போட்டேன்.
அணைத்தேன்.
போட்டேன்.

அப்புறம்தான் ரௌட்டரின் உள்ளறைக்கு
முதன்முறையாகப் போனேன்.
பெயர் அட்மின். கடவுச்சொல்லும் அட்மின்.
ஆறு வருடமாய்த் திறந்த வீடு;
நாய் நுழைந்தால் நாயையா குறை சொல்வது?

உள்ளே ஒரு பட்டியல்.
என் போன். ஒத்தியாவின் போன். கணினி. டிவி. பிரிண்டர்.
மகன் வாங்கித் தந்த தராசு,
என் எடையை எனக்கு முன்பே ஊருக்குச் சொல்வது.
ஏழாவதாய்ப்
பெயரில்லாத ஒன்று:
எழுத்தும் எண்ணுமாய்ப் பன்னிரண்டு,
இரண்டிரண்டாய்க் கைகோத்து.

வீட்டை ஒவ்வொன்றாய் அணைத்தேன்.
டிவி போனது, ஒத்தியா முனகினான்.
தராசின் பேட்டரியைப் பிடுங்கினேன்.
பட்டியலில் மிஞ்சியது
நானும் அதுவும்.
நள்ளிரவில் இருவர் தனியாக,
ஒருவருக்கு மட்டும் மற்றவர் யாரென்று தெரியும்.

தடுத்தேன்.
மறுநாள் வேறு பன்னிரண்டு அணிந்து வந்தது.
ஒரே ஆள், புதுச் சட்டை.

யாருக்கெல்லாம் சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தேன்.
புத்தாண்டு விருந்து, மேசையில் இருபத்திரண்டு பேர்,
விருந்துத் தலைவர் கொம்புக் கோப்பையைத் தூக்கி
இறந்தவர்களை வாழ்த்தி முடித்து
பிறந்தவர்களுக்குப் போகும் முன் கிடைத்த இடைவெளியில்
இதே வாயால் கூவினேன்:
"சபெராவி, எல்லாம் சின்ன எழுத்து, கடைசியில் எழுபத்தெட்டு!"
ஒயினின் பெயரும் நான் பிறந்த வருடமும்.
இந்த ஊரில் அதை ஊகிக்காதவன்
குடிக்காதவனாக இருக்க வேண்டும்.

மாற்றினேன்.
ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு சொற்கள்:
கரடி, பூண்டு, மற்ற இரண்டும் இங்கே எழுதுவதாக இல்லை.
அட்மினை ஒழித்தேன். பூட்டின் வகையைப் புதிதாக்கினேன்.
பொத்தான் அழுத்தினால் யாரையும் சேர்க்கும் வசதியை அடைத்தேன்.
கடைசியில், கோபம் தீராமல்,
வலையின் பெயரையே மாற்றி வைத்தேன்:
"ஓசியில் வந்தவரே, பார்த்துவிட்டேன்."
ஒன்பது மாடியும் படிக்கட்டும்.

இரண்டு இரவு, திருடனுக்குத் தேள் கொட்டிய அமைதி.
டாக்ஸிகள் சாலையிலேயே ஓடின.

மூன்றாம் இரவு, இரண்டு இருபதுக்கு,
பிரிண்டர் தொண்டையைச் செருமியது.
நான் ஒன்றும் அச்சிடச் சொல்லவில்லை.
ஒத்தியா தூக்கத்தில்.
காகிதம் மெல்ல நாக்கை நீட்டியது:

"புதுப் பூட்டு அருமை. ஆனால்
இந்தப் பிரிண்டருக்குச் சொந்தமாய் ஒரு வலை உண்டு,
அதற்குக் கதவே இல்லை. மூடிவிடுங்கள்.
நீல மை தீரப் போகிறது."

கை நடுங்கியது. பயமா என்றால் பயம்தான்.
ஆனால் அதோடு வேறொன்றும் இருந்தது,
முதுகில் அரிக்கும் இடத்தை
யாரோ சரியாகத் தொட்டது போல.
கையேட்டில் நாற்பத்தோராம் பக்கம்.
மூடினேன்.
மையும் வாங்கினேன்.

காலை, லிப்ட்.
என்னோடு நான்கு பேர், நான்கு முகமும் எனக்குச் சந்தேகம்:
பல் மருத்துவர் உதவியாளன், அவன் விரல்கள் நீளம்;
ஹெட்போன் பையன்; ரொட்டியோடு ஒருவர்;
எட்டாம் மாடி மஞ்சலா, குழாய் ரிப்பேர் பையோடு.
என்னிடம் சில்லறை இல்லை.
மஞ்சலாவே பெட்டியில் காசைப் போட்டாள்.
லிப்ட் முனகாமல் கிளம்பியது,
போன வாரம்தான் மோட்டார் மாற்றினார்கள்.

"இப்போது வேகம் பரவாயில்லையா?" என்றாள்,
கதவைப் பார்த்தபடி.

பரவாயில்லை என்றேன்.
எதைக் கேட்டாள் என்று
நான் கேட்கவில்லை.