பாக்கி நிமிடங்கள்

வாரத்துக்கு அறுபது நிமிடம் பேச்சுப் பயிற்சி.
கோப்பின் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது.
கீழே என் கையெழுத்தும்.

மொன்டானாவின் வடக்கு விளிம்பில்
நான்கு பள்ளிகளுக்கு நான் ஒருத்தி.
ஒரு பள்ளிக்கும் அடுத்ததற்கும் நடுவே
கோதுமை, கோதுமை,
பிறகு ஒரு பெட்ரோல் பங்க்.
பனி மூடிய வாரங்களில்
அந்த அறுபது நிமிடம் நெடுஞ்சாலையிலேயே நின்றுவிடும்.
யாரும் அதைக் களவு என்று சொல்லவில்லை.
ஆள் பற்றாக்குறை என்றார்கள்.
நானும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

கோல்டர் பிராட்டனுக்கு ஒன்பது வயது.
தண்ணீர் வேண்டுமென்றால்
சட்டைக்கையைப் பிடித்துக் குழாய்வரை இழுத்துப்போவான்.
அக்டோபரில் ஒருநாள் இழுக்காமல் நின்றான்.
உதடு கூடியது.
'இன்னும்' என்ற சொல்லில் பாதி வந்தது.

நான் அடுத்துப் போனது டிசம்பரில்.
அந்தப் பாதியும் இல்லை.

மார்ச் மாதக் கூட்டம். நூலகத்தில்,
சின்னப் பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில்
முழங்கால் மோவாயை இடிக்க
மேசைக்கு இந்தப்பக்கம் நாங்கள் ஆறு பேர்.
அந்தப்பக்கம் லோர்னா பிராட்டன்.
முதியோர் இல்லத்துச் சலவை அறையிலிருந்து நேராக வந்தவள்,
கையெல்லாம் ப்ளீச் வாடை.

இயக்குநர் ஸ்டென்செத் கெட்டவரல்ல.
மஃபின் சுட்டு எடுத்து வந்திருந்தார்.
"ஒரே ஒரு சொல்தான் மாற்றம்" என்றார்.
'வாரத்துக்கு அறுபது' இருந்த இடத்தில்
'வசதிப்படும்போது'.

லோர்னா பையிலிருந்து
டிராக்டர் கடைக் காலண்டரை எடுத்து விரித்தாள்.
நான் வந்துபோன நாட்களில் மட்டும்
மகனின் புறங்கையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் இருக்குமாம்.
அதை வைத்து வட்டம் போட்டிருக்கிறாள், பென்சிலால்.
இருபத்தாறு வாரம். ஒன்பது வட்டம்.
"ஆயிரத்து இருபது நிமிடம் பாக்கி."

"இது அதிகாரபூர்வமான பதிவு இல்லையே, லோர்னா."

அப்போது சரக்கு ரயில் வந்தது.
இந்த ஊரில் ரயில் போகும்வரை யாரும் பேசுவதில்லை.
ஜன்னல் அதிர்ந்தது. மஃபின் தட்டு மேசையில் நகர்ந்தது.
நூற்றுப்பத்துப் பெட்டிக்கும்
எல்லோரும் காத்திருந்தோம்,
கடிகாரத்தைக்கூடப் பார்க்காமல்.

முந்தின நாளே மின்னஞ்சல் வந்திருந்தது எனக்கு:
நிமிடக் கணக்கு எழுந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.
என் பையில் பெட்ரோல் படி கேட்கும் பதிவேடு.
ஒவ்வொரு பயணத்துக்கும் தேதி, மைல், தொகை,
மாவட்ட அலுவலகத்தின் முத்திரை.
போகாத நாளுக்கு யாரும் படி தரமாட்டார்கள்.

கடைசிப் பெட்டி போனது.
"ஒன்பதுதான்" என்றேன்.
குரல் என்னுடையதுபோல இல்லை.
பதிவேட்டை மேசைமேல் வைத்தேன்.
ஸ்டென்செத் என்னைப் பார்க்கவில்லை,
முத்திரையைப் பார்த்தார்.

வருடாவருடம் பெற்றோர் கையில் திணிக்கிறோமே
ஒரு சின்னப் புத்தகம், எறும்பெழுத்தில்,
அதைத் திறந்து விரல் வைத்தாள் லோர்னா.
காபிக் கறை படிந்த பக்கம்.
"அறுபது நிமிடம் முடியாதென்றால்
முடியாது என்பதை எழுதிக் கொடுங்கள்.
ஏன் என்பதையும்."
சத்தம் போடவில்லை.
சலவைக்குப் போட்ட துணிக்குச் சீட்டுக் கேட்பதுபோலக் கேட்டாள்.

வாயால் சொல்லும் 'இல்லை' லேசானது.
ஸ்டென்செத்தின் பேனா
தாளுக்கு ஒரு அங்குலம் மேலேயே நின்றது.
கூட்டம் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைக்கப்பட்டது.
என் வேலை என்னவாகும் என்று
அடுத்த வாரம் தெரியும்.

வராந்தாவில் கோல்டர்.
என் சட்டைக்கையைப் பிடித்தான்.
குழாயடியில் குடித்து முடித்து நிமிர்ந்தான்,
மோவாயில் நீர் சொட்ட.
நான் உதட்டை மூடிக் காட்டிக் காத்திருந்தேன்.
அவனும் காத்திருந்தான்.

பின்னால் வந்து நின்ற லோர்னா
காலண்டரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள்:
"இதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.
இது உங்கள் சாப்பாட்டு நேரம்."