இரண்டு மில்லி

செவ்வாய்ப்பேட்டை, மே மாதம்,
பகல் இரண்டரை மணி.
அடகுக் கம்பெனியின் கண்ணாடிக்குப் பின்னால்
நான் படித்துக்கொண்டிருப்பது லெட்ஜர் அல்ல,
லெட்ஜருக்குள் ஒளித்துவைத்த நாவல்.

பெரிதாக ஒரு பிரபஞ்சம் செய்யக் காசில்லாமல்
கடவுள் ஒரு சின்னக் கிரகத்தை அடகு வைக்கிறார்.
அப்புறம் ரசீதைத் தொலைத்துவிடுகிறார்.
கவுன்ட்டரில் எட்டுக் கையுள்ள குமாஸ்தா கேட்கிறான்:
"நீங்கள்தான் நீங்கள் என்பதற்கு
ஏதாவது அத்தாட்சி?"
கடவுள் யோசிக்கிறார்.
நூற்றுப்பத்துப் பக்கம் யோசிக்கிறார்.

பதினோரு வருஷமாக
இதே கேள்வியை நானும்தான் கேட்கிறேன்,
ஆதார் நகலை நீட்டுகிறவர்களிடம்.
அது தத்துவம் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.

ராத்திரி மொட்டைமாடியிலும் அதே சிரிப்பு.
வடக்கே சேர்வராயன் இருட்டாகப் படுத்திருக்க
கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி வெளிச்சம்
தெரிகிறது, காணோம், தெரிகிறது.
வீட்டுக் கடன், சர்க்கரை அளவு, பேச்சை நிறுத்திய தம்பி,
எல்லாம் ஒரு கடுகுக்குள் போய்விட்டன.
இப்படி ஒரு மருந்தை
மூன்று வேளையும் தின்னலாம்.

இன்று நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம்.
கெடு முடிந்தது. கிரகத்தை உருக்குகிறார்கள்.
'சேதாரம்: நாற்பது கோடிப் பேர்' என்று
ஓர் அடிக்குறிப்பு.
நல்ல இடம். சத்தமாகவே சிரித்துவிட்டேன்.

"என்ன சார் சிரிப்பு?"
நாளை ஏலத்துக்குப் போகவிருந்த ஜிமிக்கியை மீட்க
கொண்டலாம்பட்டிப் பாவாயி.
துணிக்கடைப் பைக்குள் இன்னொரு பை,
அதற்குள் பணம்.

கதையைச் சொன்னேன்.
எட்டுக் கைக்கே கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"சாமிகிட்டயே ரசீது கேட்டானா, அவன்தான் ஆளு!"
அடிக்குறிப்புக்குச் சிரிக்கவில்லை.
"அந்த நாப்பது கோடியில
ஒருத்தருக்காச்சும் பேர் இருக்குதா?"

புரட்டினேன்.
குமாஸ்தாவுக்குப் பேர் இருக்கிறது.
அவன் துடைக்கும் தராசுக்கு ஒரு செல்லப்பேர்கூட.

எழுதியவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.
ஒரே ஒரு பேர் வைத்திருந்தாலும்
அந்த வரி செத்திருக்கும்.
ஏற்காட்டில் லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால்
சேலம் முழுக்க விளக்குதான்.
எங்கள் கவுன்ட்டர் தெரியாது.

தராசின் மூடியைத் திறந்தேன்.
ஒன்றும் வைக்கவில்லை,
இரண்டு மில்லி காட்டியது.
நாவலாக இருந்தால் இந்த இடத்தில்
குமாஸ்தா ஒரு பேருரை ஆற்றுவான்:
இல்லாததற்கும் எடை உண்டு,
எடை இருந்தால் வட்டி உண்டு...
நானும் வாயைத் திறந்தேன்.

"ஃபேனை நிறுத்திட்டு
நிறுத்துப் பாருங்க சார்."

நிறுத்தினேன். நிறுத்தேன்.
ஐந்து கிராம் முந்நூற்று நாற்பது மில்லி.
வைத்தபோது இருந்த அதே எடையா என்று
ரசீதில் விரல் வைத்துப் பார்த்தாள்.
என் கண்ணாடித் தடுப்பில் முகம் பார்த்து
அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

வாசல்வரை போனவள் திரும்பினாள்.
"செயினு இன்னும் உங்ககிட்டதான கெடக்குது.
வட்டி கட்ட வர்றப்ப
மீதிக் கதையைச் சொல்லுங்க."