கோணக்கடை எதிரே

கதவு எண் சொல்லி
இந்தக் கடலூரில் யாருக்கும் நெஞ்சு வலித்ததில்லை.
பதினோரு வருஷமாக நூற்றியெட்டு ஓட்டுகிறேன்,
ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.

சொல்வதெல்லாம் இப்படித்தான்:
கம்மியம்பேட்டை ரெட்டை மாவுமில்லுக்கு முன்னாடி.
லாரன்ஸ் ரோட்டில் எப்பவும் பூட்டியே கிடக்குமே ஒரு தையல்கடை,
அதுக்கு மாடி.
தேவனாம்பட்டினத்தில்
சுறாப்புட்டு விற்கும் நாகவல்லி அக்கா கடை தாண்டி
மூணாவது கம்பம்.
சிப்காட் நாத்தம் ஆரம்பிக்கிற இடம்.

கடைசியாகச் சொன்னதில் ஒரு சிக்கல்:
காற்று திரும்பினால் நானும் திரும்ப வேண்டும்.

சென்னையில் உட்கார்ந்து போன் எடுக்கிற பெண்
காதில் விழுந்ததைத் தட்டுகிறாள், பாவம்.
கோணக்கடை
என் திரையில் கோணிக்கடை என்று வரும்.
சாக்கு விற்கும் கடை எதுவும்
முதுநகரில் அந்தப் பக்கம் கிடையாது.
எனக்குப் புரிந்துவிடும்.

பலகையில் அதன் பெயர்
ஹோட்டல் சிங்கப்பூர்.
எழுதிய பெயிண்டரைத் தவிர
அதை யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.
சாக்கடைக்கு வழிவிட்டு
ஒரு பக்கம் ஒடுங்கிய கட்டடம்.
பெஞ்சு கோணல், கல்லாப்பெட்டி கோணல்,
தட்டில் ஊற்றிய குழம்பு
துறைமுகம் இருக்கும் திசைக்கே ஓடும்.
"மீனுக்கு வீட்டு ஞாபகம் வராதா?" என்பார் இருசப்பன்.
கடன் கேட்டால் மட்டும் சிரிக்க மாட்டார்.

உண்மையைச் சொன்னால்
புரோட்டா சுமார்தான்.
செம்மண்டலத்தில் இதைவிட நல்ல கடை நாலு உண்டு.
ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு,
ஜிப்மரில் ஒருவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது
விளக்கு எரிந்தது இங்கேதான்.

ரோட்டை அகலப்படுத்தினார்கள்.
மஞ்சள் இயந்திரம்
அரைமணியில் கோணலை நேராக்கிவிட்டது.
இருசப்பன் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு
நெல்லிக்குப்பத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.
வருத்தப்பட்டாரா என்று கேட்காதீர்கள்,
போகும்போது என்னிடம் எட்டு ரூபாய் பாக்கி வசூலித்தார்.

இப்போது அங்கே ஒரு பள்ளம்.
பக்கத்தில் பரங்கிப்பேட்டை இலியாசின் செல்போன் கடை,
மூன்று நிறத்தில் விளக்கு ஓடும் பலகையோடு.
அவனும் எத்தனை நாள்தான் சொல்லிப் பார்ப்பான்?
விசிட்டிங் கார்டில் அச்சடித்தே விட்டான்,
'கோணக்கடை அருகில்'.

போன ஐப்பசியில், விடாத மழை.
வரைபடத்தின் நீலப்புள்ளி
கெடிலத்தின் நடுவில் நின்று சிமிட்டியது.
டெக்னீசியன் ஆக்னஸ் தர்மபுரிக்காரி,
வந்து நாலு நாள்.
"ஆத்துக்குள்ளயா அண்ணா?"
எதிர்முனையில் ஐஸ் பேக்டரிப் பையன்,
ஒடிசாக்காரன்,
தமிழில் ஐந்தாறு சொல் வைத்திருந்தான்,
அதில் ஒன்று:
"கோணகடா எதிரு, அண்ணா. கோணகடா!"

அந்தப் பள்ளத்துக்கு நேர் எதிரே நின்றிருந்தான்
செல்போன் டார்ச்சைத் தலைக்குமேல் ஆட்டிக்கொண்டு.
கூட்டாளியின் விரல் இரண்டு
ஐஸ் நொறுக்கும் மெஷினில்.
துணி முழுக்கச் சிவப்பு,
துணிக்குள் இன்னும் ஐஸ்.

பாலத்தில் ஏறும்போது கேட்டேன்:
எப்போ வந்தே கடலூருக்கு?
"ஆறு மாசம்."
கடை போய் ஒன்றரை வருஷம்.

அவன் அங்கே ஒரு வாய் தின்றதில்லை.
அந்தப் பெஞ்சில் சரிந்ததில்லை.
யார் கொடுத்தார்கள் அவனுக்கு இந்தச் சொல்லை?
கேட்கவில்லை. சைரன் போட்டேன்.

பெரியாஸ்பத்திரி வாசலில் டீ.
ஒரு விரலைத் தைத்துவிடலாம் என்றார்களாம்.
இன்னொன்றைப் பற்றி யாரும் பேசவில்லை.
ஆக்னஸ் ட்ரிப் ஷீட்டை முட்டியில் வைத்து நிரப்பினாள்.
"அண்ணா, அங்க ஒண்ணுமே இல்லியே,
என்ன கடை அது?"

புரோட்டாக் கடை, என்றேன்.
சுமார்தான்.

இடம் என்ற கட்டத்தில்
திரையைப் பார்த்துக் 'கோணிக்கடை' என்று எழுதியவள்
கொஞ்சம் யோசித்து
ணி-யின் மேல் இருந்த வளைவை மட்டும் அடித்தாள்.