சரியான நிறை

கூரை புதிதாய்ப் போட்ட எங்கள் கோயிலில்
மிக்கேல் சம்மனசுக்கு
இன்னும் தராசு வந்து சேரவில்லை.
வெறுங்கையை நீட்டியபடி நிற்கிறார்.
யாரிடம் கேட்கிறார் என்று
ஞாயிறுதோறும் எனக்குத் தெரியும்.

என்னுடையது விசுவமடுக் கடையில் தொங்குகிறது.
முள்வேலி முகாமுக்கும் கொண்டுபோய்த்
திரும்பக் கொண்டுவந்தது.

மாத்தளன் மணலில், தறப்பாளுக்குக் கீழே
அதில்தான் நிறுத்தேன்
எமலித்தாவின் ஒரு சோடித் தோட்டுக்கு
ஒரு கிலோ அரிசி.
கிலோவும் இல்லை.
தட்டின் அடியில் காந்தம் இருந்தது.
அவள் தோளில் பிள்ளை இருமிக்கொண்டிருந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியார்
மூன்று அருள்நிறைந்த மந்திரம் தந்தார்.
நடுத்தீர்வை நாளில் ஒரு தட்டில் அந்த இருமலை வைத்தால்
மற்றதில் மூன்று காணுமா?
கேட்கப் பயந்து எழும்பி வந்துவிட்டேன்.

நேற்று வந்தாள், தனியாக.
குளம் வான் பாயுது எண்டு
தெருவில் ஆரோ கத்திக்கொண்டு போனார்கள்.
சீனி அரைக் கிலோ.
என் கை தானாக ஒரு பிடி கூடப் போட்டது,
பிறகு இன்னொரு பிடி.
தட்டு மேசையில் முட்டியது.

"சரியா நிறுங்கோ."

முள் நடுவுக்கு வரும்வரை
கண்ணெடுக்காமல் பார்த்து நின்றாள்.
கூடினதை அள்ளிச் சாக்கில் போட்டேன்.
சீனிக்கு இவ்வளவு சத்தம் இருக்கிறதா?

காசை எண்ணி வைத்தாள்.
வாசலில் குடையை விரித்தபடி
மழைக்கோ எனக்கோ சொன்னாள்:

"நாளைக்கும் வருவன்.
மா கொஞ்சம் வேணும்."