எஞ்சின் ஓடும் வரை

பிடோக் நார்த், ஒன்பதாவது மாடி, வாடகை அறை.
கட்டில் இரண்டு, ஜன்னல் ஒன்று.
என் மடிக்கணினிக்குள் கிராஃபிக்ஸும் இரண்டு:
பிராசஸரோடு ஒண்டுக்குடித்தனம் இருக்கும் சின்னது,
தனிக்குடித்தனம் போய்க் கரண்டைக் குடிக்கும் பெரியது.

சின்னது ஒன்றும் கேட்காது.
துவாஸ் லிங்க் வரை ரயிலில் படம் பார்த்துக்கொண்டு போனாலும்
பேட்டரி பாதிக்கு மேல் நிற்கும்.
பெரியதை எழுப்பினால்தான் மலைகளுக்கு நிழல் விழும்,
குதிரையின் பிடரியில் மழை தனித்தனியாக ஒட்டும்.
விசிறிகளும் ஓடுபாதைக்கு வந்துவிடும்.

எதிர்க் கட்டிலில் சகாயம்.
சாங்கியில் விமான வயிற்றிலிருந்து பெட்டி இறக்குகிறான்.
மூன்று பத்துக்கு அலாரம், மூன்றரைக்குக் கம்பெனி வேன்.
"சத்தம் தொந்தரவா இருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.
"ம்" என்றான்.
எந்த "ம்" என்று கேட்கவில்லை.

நேற்று மனசு உறுத்தியது.
பெரியதை அணைத்துவிடலாம் என்று அமைப்புக்குள் போனேன்.
மறுதொடக்கம் கேட்டது, கொடுத்தேன்.
கறுத்த திரையில் சில நொடி என் முகம்,
தோளுக்குப் பின்னால் போர்வைக்கு வெளியே அவன் பாதம்.
உயிர் வந்ததும் பார்த்தால்
அணைந்தது பெரியதல்ல, கூட வைத்திருந்த மானிட்டர்.
அந்தக் கேபிள் பெரியவன் வீட்டு வாசலில் மட்டும்தான் சொருகுமாம்.

பழையபடி மாற்றினேன். மறுபடி மறுதொடக்கம்.
இரண்டையும் வைத்துக்கொள், வேலை இல்லாதபோது பெரியது தூங்கட்டும் என்றேன்.
கேபிளையும் பிடுங்கினேன்.
அப்போதும் தூங்கவில்லை.
பட்டியலில் தேடினால்
முகப்புப் படத்தில் நீந்தும் ஆறு மீன்கள்
அதை விழிக்க வைத்துக்கொண்டிருந்தன.
மீன்களைக் கொன்றேன்.

விசிறி இறங்கி இறங்கி நின்றது.
அப்போதுதான் கேட்டன
கீழ்வீட்டு மாஜோங் காய்கள்,
லிஃப்ட் கதவு,
யாரோ குளியலறையில் வாளியை நகர்த்துவது.

சகாயம் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.
கை தலைமாட்டில் கையுறையைத் துழாவியது.
"வந்துருச்சா?"
"என்ன வந்துருச்சு?"
சுவரை, என்னை, திரையைப் பார்த்தான்.
"ஏன்டா நிறுத்துன?
எஞ்சின் ஓடுற வரைக்கும் யாரும் கிட்டப் போகக்கூடாதுல்ல.
அது ஓடிக்கிட்டே இருந்தா
இன்னும் நேரம் இருக்குன்னு படுத்திருப்பேன்."

மணி ஒன்று நாற்பது.
விளையாட்டைத் திறந்தேன், எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன்.
பெரியது மூச்சிழுத்து எழுந்தது.
என் வீரன் பாலத்தின் நடுவில் குதிரையோடு நின்றான்,
நான் அவனை எங்கேயும் அனுப்பவில்லை.
அவன்மேல் மழை பெய்துகொண்டே இருந்தது
மூன்று பத்து வரை.