பொருந்தாததை வெட்டிவிடுக

கிண்ணியாவில், நிஸ்தாரின் பழைய இரும்புக் கொட்டிலில்
ஆறு சில்லுடன் ஒரு தொட்டி.
வாகனமென்று எழுத ஸ்டியரிங் இல்லை,
வள்ளமென்று எழுத அணியமில்லை.
பெயர்த்தகடு இருந்த இடத்தில்
நாலு ரிவிட் ஓட்டை.

மதிப்பீட்டுக்கு வந்தவள் நான். படிவம்
மாதிரி கேட்கிறது, ஆண்டு கேட்கிறது.
"எழுபத்தேழு" என்றார் நிஸ்தார்.
எப்படித் தெரியும்?
"மச்சான்ட கலியாணம் அந்த வருசம்."

படங்கை விலக்கிக் குனிந்தேன்.
பூசணிபோல் உப்பிய சில்லு, காற்று குறைத்தே அடிக்கவேண்டும்;
தரையில் ஓடுவதும் தண்ணியில் துழாவுவதும்
அதே ரப்பர்ப் பல்லால்தான்.
இரண்டு நெம்புகோல். இடதை இழுத்தால்
இடப்பக்க மூன்றும் நிற்கும், வண்டி அந்தப் பக்கம் திரும்பும்.

என்ஜின் தண்ணிப் பம்பினுடையது, பிறகு பூட்டியது.
அதைப் பார்த்து வயது சொன்னால் பொய்யாகும்.
சங்கிலி புதிது. இருக்கை ஏதோ பஸ்ஸினுடையது.
பச்சையைச் சுரண்டினால் மஞ்சள்,
மஞ்சளுக்கு அடியில் செம்மஞ்சள்.

தொட்டியைத் தட்டினேன்.
பிளாஸ்டிக் என்றால் மந்தமாய்ச் சொல்லும்; இது கணீரென்றது.
விரல் அரித்தது. கண்ணாடி நார்.
அப்போ முந்தினதுதான்.

"சுனாமிக்குப் பிறகு ஆரோ வெள்ளைக்காரர் விட்டுப் போனது."
"இல்ல, அதுக்கு முன்னமே நேவிக்காரர்ட்ட இருந்தது."
நிஸ்தாரும் கையாளும் இன்னும் முடிக்கவில்லை.

அடியில் இருந்த அடைப்பைத் திருகினேன்.
கறுத்த சேறு, பிறகு உப்புமணல்,
கடைசியில் ஒரு மட்டிச் சிப்பி, மூடியபடியே.

வாகனம் / கலம், பொருந்தாததை வெட்டிவிடுக.
பேனை இரண்டுக்கும் நடுவில் நின்றது.

"கிலோவுக்கு எவ்வளவெண்டு மட்டும் எழுதுங்க மிஸ்."
அச்சுக்கு விலையுண்டு, சங்கிலிக்கு உண்டு.
வயதைச் சொன்ன நாருக்கு
ஒரு சதமும் இல்லை.